முன்விளக்கு எட்டும் தூரம்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து இரவு பத்து மணிக்குப் புறப்பட்டோம். மச்சான் வானை ஓட்டினார். நான் பக்கத்தில், பின்னால் மாமாவும் மாமியும். புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா எல்லாம் தாண்டி, புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் போய்க்கொண்டிருந்தபோது அதிகாலை நான்கு மணி இருக்கும். முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்கித் தேநீர் குடிக்கலாம் என்று மாமி சொல்லி வாய் மூடவில்லை, இடப்பக்கப் புல்லிலிருந்து ஒரு பழுப்பு நிறம் எழுந்து வீதிக்கு வந்தது. மச்சான் பிரேக்கை மிதித்தார். தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்ததுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நான் கதவில் கை வைத்தேன். அந்தப் பக்கத்து ஒட்டுசுட்டானில் பிறந்து வளர்ந்த மாமா பின்னாலிருந்து தடுத்தார். “தம்பி, பொறுங்கள். இன்னும் வரும்.” வந்தன. அதே புல்லிலிருந்து ஒன்று, பிறகு ஒரு குட்டி, பிறகு இன்னொன்று. புள்ளிமான்கள் பெரும்பாலும் ஒன்றின் தடத்தில் ஒன்றாக வீதியைக் கடக்கும். முதல் மானுக்காகப் பிரேக் பிடித்துவிட்டு உடனே வேகமெடுப்பவர்கள் இரண்டாவதில் மோதுவது அதனால்தான்.

டோர்ச் வெளிச்சத்தில் பின்னோக்கி நடந்தேன். பிணைமான் வீதியோரத்தில் கிடந்தது, உயிர் இல்லை. உடைந்த முன்விளக்கின் விளிம்பில் ஒரு கொத்து மயிர் சிக்கியிருந்தது. தென்னந்தும்புபோல முரடானது, நுனியில் பழுப்பு, அடியில் வெளிறிய சாம்பல். வீதியில் ரயர் தேய்ந்த கறுப்புத் தடம் தெரிந்தது. தடம் தொடங்கிய இடத்திலிருந்து மயிர் சிதறிக் கிடந்த இடம்வரை எட்டு வைத்து அளந்தேன். பன்னிரண்டு எட்டு. ஏறக்குறைய 10 மீற்றர். மச்சான் கவனமான சாரதி. தூங்கவில்லை, தொலைபேசியைத் தொடவில்லை, வேகமானி 70ஐ ஒட்டி நின்றது. நகருக்கு வெளியே கார், வான்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகமே அதுதான். பிறகு ஏன் 10 மீற்றர் மட்டும் மிஞ்சியது?

70ஐ 72 என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளியது. மணிக்கு 72 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 20 மீற்றர். எதிர்பாராத ஒன்றைக் கண்டு, அது இன்னது என்று மூளை தெரிந்து, கால் பிரேக்குக்குப் போய் அழுத்துவதற்கு, விழிப்பாக இருக்கும் சாரதிக்கும் ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன் ஆகும். அதற்குள் 30 மீற்றர் ஓடிவிடும். உலர்ந்த தார் வீதியில் நல்ல ரயர்கள் தரக்கூடிய அமர்முடுகல், அதாவது வேகம் குறையும் வீதம், ஒவ்வொரு செக்கனும் வேகத்தில் செக்கனுக்கு 7 மீற்றரைக் குறைக்கும் அளவு. அந்தக் கணக்கில், பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்கு இன்னும் 29 மீற்றர் வேண்டும். மொத்தம் 59.

தாழ்த்திய முன்விளக்கு, மங்கலான பழுப்பு உடல் ஒன்றைத் தெளிவாகக் காட்டும் தூரம் பல வாகனங்களில் 40 மீற்றரை ஒட்டியதுதான். 40இல் 30 போனால் 10. நான் எட்டு வைத்து அளந்தது அதைத்தான். அந்த 10 மீற்றரில் வேகம் 72இலிருந்து 58க்கு மட்டுமே இறங்கியிருக்கும். இதே இடத்தில், இதே மான் முன்னால், மணிக்கு 54 கிலோமீற்றரில் போயிருந்தால்? ஒன்றரைச் செக்கனில் 22.5 மீற்றர், நிற்பதற்கு 16. மொத்தம் 39க்கும் குறைவு. மானின் மூக்குக்கு முன்னால் வான் நின்றிருக்கும். வேகத்தில் வித்தியாசம் 18 கிலோமீற்றர். விளைவில் வித்தியாசம் ஓர் உயிர். இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், கடைசி மீற்றர்களில்தான் பிரேக் வேகத்தை மளமளவென்று இறக்குகிறது. அந்தக் கடைசி மீற்றர்கள் நமக்குக் கிடைக்கவே இல்லை.

கொழும்பில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது இலகுவில் புரிவதில்லை. எனக்கும் அன்றுவரை புரியவில்லை. கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் வீதியில் நாம் தெருவிளக்கின் வெளிச்சத்தில் ஓட்டுகிறோம். நம் முன்விளக்கு அங்கே பிறர் நம்மைக் காண்பதற்காக எரிகிறது. தெருவிளக்குகள் முடிந்த இடத்திலும் கால் அதே பழக்கத்தில் மிதிக்கிறது. வீதி நேராகவும் வெறுமையாகவும் கிடப்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டுகிறது. எதிரே ஒரு சொகுசு பஸ் பிரகாசமான விளக்கோடு கடந்து போனால், அதன் பிறகு சில செக்கன்களுக்கு நம் கண் இருட்டை வாசிக்காது. ஒவ்வொரு செக்கனுக்கும் 20 மீற்றர், குருட்டில்.

சரி, மானின் கண் மின்னுமே, அது ஏன் தெரியவில்லை? மானின் விழித்திரைக்குப் பின்னால் நார்ப் புரதத்தால் நெய்த ஒரு பளபளப்பான படலம் இருக்கிறது. விழித்திரையில் பிடிபடாமல் கடந்துபோன ஒளியை அது திருப்பி அனுப்புகிறது. ஒரே ஒளி விழித்திரையை இரண்டு தடவை தொடுகிறது. மங்கிய நிலவிலும் மான் நடமாடுவது இதனால்தான். திரும்பும் ஒளியில் மிஞ்சியது வந்த வழியே வெளியேறி, விளக்குக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும் சாரதியின் கண்ணுக்கு எட்டுகிறது. இரவில் நாம் காணும் பச்சை மினுக்கம் அதுதான். ஆனால் மான் நம்மை நோக்கியிருந்தால் மட்டுமே அது கிடைக்கும். தலையைக் குனிந்து மேயும் மானும் முதுகைக் காட்டி நிற்கும் மானும் இருட்டோடு இருட்டுத்தான். அன்று எங்களுக்கு எந்த மினுக்கமும் தெரியவில்லை.

மானின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அதன் கண்மணி கிடையாக நீண்டது. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றுவட்டம் முழுவதையும் பார்க்கும். நமக்கு நிறம் காணும் கூம்புகள் மூன்று வகை; மானுக்கு இரண்டு. நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு மங்கிவிடும். இரவில் அந்தக் கண்மணி அகல விரிந்து, விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல்கள் சிறு ஒளிக்கும் ஏங்கி நிற்கின்றன. அந்த நேரத்தில் முன்விளக்கு முழுவீச்சில் விழுந்தால் கோல்கள் தெவிட்டிப்போகும். மானுக்கு வீதியும் தெரியாது, காடும் தெரியாது; எங்கும் வெள்ளை. அது நின்றுவிடுகிறது. திகைப்பு மட்டும் காரணமில்லை. பதுங்கி வரும் சிறுத்தைக்கு முன்னால் அசையாமல் நிற்பது மானின் பழைய தற்காப்பு. அசைவுதான் வேட்டையாடியின் கண்ணில் முதலில் படும். சிறுத்தையே உச்ச வேகத்தில் மணிக்கு 60 கிலோமீற்றர் அளவுதான் ஓடும், அதுவும் சில செக்கன்களுக்கு. 72இல் சற்றும் தளராமல் வரும் ஒன்றை எதிர்கொள்ள மானின் வம்சத்துக்கு எந்தப் பயிற்சியும் கிடைத்ததில்லை. அதை முட்டாள் மிருகம் என்று திட்டுகிறவர்களைக் கேட்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வீதியோரத்துக்கு அது வருவதற்கும் காரணம் உண்டு. தார்மேல் விழும் மழை ஓரத்தில் வடிகிறது. மரம் வெட்டிய இடத்தில் வெயில் விழுகிறது. காட்டுக்குள் காய்ந்த பிறகும் அங்கே இளம்புல் இருக்கும். மான்கள் அதிகமாக மேய்வதோ விடியலுக்கும் அந்திக்கும் அருகே. யாழ்ப்பாணம் போகும் இரவு வாகனங்கள் இந்த வன்னிக் காட்டுப் பகுதிக்குள் நுழையும் நேரமும் அதுதான்.

மோதும் கணத்தில் வானுக்கு என்ன நேர்ந்தது? மிகக் கொஞ்சம். 1,600 கிலோ வானும் 40 கிலோ பிணைமானும் என்று வைத்துக்கொண்டால், மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறாது என்ற விதிப்படி வானின் வேகம் மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர்கூடக் குறையாது. மான் மட்டும் செக்கனின் இருபதில் ஒரு பங்கில் செக்கனுக்கு 16 மீற்றர் வேகத்துக்கு எறியப்படுகிறது. புவியீர்ப்பைப்போல முப்பது மடங்குக்கும் மேலான ஆர்முடுகல், அதாவது வேகம் ஏறும் வீதம். வண்டிக்குள் இருப்பவர்களைக் கொல்வது பெரும்பாலும் மான் அல்ல. மானுக்கு விலகத் திருப்பிய திசையில் நிற்கும் மரமும் எதிரே வரும் லொறியும்தான். ரயருக்கு வீதியில் கிடைக்கும் பிடி ஓர் அளவுக்கு உட்பட்டது. அதைப் பிரேக்கும் திருப்பமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. முழுப் பிடியையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டுத் திடீரென்று ஸ்டியரிங்கை வெட்டினால், திருப்பத்துக்குப் பிடி மிஞ்சாது; வண்டி வழுக்கும். மச்சான் நேராகவே பிடித்திருந்தார். அன்று நாங்கள் நால்வரும் இறங்கி நின்றது அதனால்தான்.

மரை என்னும் பெரிய மான் வேறு கதை. ஆண் மரை 200 கிலோவைத் தாண்டும், கால்கள் நீளம். காரின் முன்பகுதி அந்தக் கால்களை வாரிவிட, உடல் முழுவதும் கண்ணாடி வழியாக உள்ளே வந்து விழலாம். அங்கேயும் செய்யக்கூடியது, வளையாமல் முடிந்தவரை வேகத்தைக் குறைப்பதுதான்.

முன்பம்பரில் பூட்டும் மான் விசில்களைச் சிலர் வாங்குகிறார்கள். ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மான் மோதல்கள் நடக்கும் அமெரிக்காவில் அவ்வகை ஒலிகளை வெண்வால் மான்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். மான்கள் அவற்றுக்காக வீதியை விட்டு விலகவில்லை. அந்தப் பணத்துக்கு முன்விளக்கின் மஞ்சள் பூத்த மூடியை மாற்றலாம்.

நாங்கள் பொலிஸ் அவசர எண்ணான 119க்கு அழைத்துச் சொன்னோம். இறைச்சியை எடுத்துப் போகலாமா என்று வழியில் நின்ற ஒருவர் கேட்டார். மான் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. மோதியவருக்கும் அதில் உரிமை இல்லை. மாமா அதைச் சொல்லிவிட்டு, மான் கிடந்த இடத்தில் ஒரு வேப்பங்கிளையை ஒடித்துப் போட்டார்.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். அந்த இடத்துக்கு வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. எதிரே வாகனம் இல்லாததால் விளக்கை உயர்த்தினேன், வேகமானி 50. மாமி எதுவும் பேசவில்லை. இப்போது வலப்பக்கமாகிவிட்ட அந்தப் புல்லில் இரண்டு பச்சைப் புள்ளிகள் தெரிந்தன, பிறகு ஆறு. விளக்கைத் தாழ்த்தி வானை நிறுத்தினேன். முதல் மான் கடந்தது. யாரும் சொல்லாமலே பொறுத்திருந்தேன்.