ஃபெல்ட்மார்ஷல்லாய்ட்னன்ட்: 'துணை ஃபீல்டு மார்ஷல்' இல்லை

ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைத் தளபதிகளைப் பற்றிப் படிக்கும்போது அடிக்கடி காலை வாரும் படைத்தரப் பெயர் ஃபெல்ட்மார்ஷல்லாய்ட்னன்ட். ஆவணங்களில் எஃப்.எம்.எல். என்று சுருங்கியிருக்கும். 'துணை ஃபீல்டு மார்ஷல்' என்று தமிழாக்கினால், ஃபீல்டு மார்ஷலுக்கு அடுத்த படி என்றே வாசகர் நினைப்பார். உண்மையில் நடுவே இரண்டு படிகள் உண்டு.

ஃபெல்ட் என்பது களம். மார்ஷல் பழைய ஜெர்மானியச் சொல்; குதிரையைக் குறிக்கும் 'மாரா', பணியாளைக் குறிக்கும் 'ஸ்கால்க்' இரண்டும் சேர்ந்தது. லாயக்காரன் பெயர்தான் படையின் உச்சப் பட்டமாயிற்று! லாய்ட்னன்ட், 'இடத்தில் இருப்பவர்' என்ற பொருளுள்ள பிரெஞ்சு 'லெஃப்டினன்ட்'. தலைவர் இல்லாத இடத்தில் நிற்பவர் என்ற பொருள் தேய்ந்து, பிறகு வெறும் தரப்பெயராக நின்றுவிட்டது.

முதல் உலகப்போர்க்கால வரிசை, கீழிருந்து மேலாக: கெனரால்மயோர் (ஒரு நட்சத்திரம், பிரிகேடு), எஃப்.எம்.எல். (இரண்டு, டிவிஷன்), காலாட்படை அல்லது குதிரைப்படை ஜெனரல் (மூன்று, பல டிவிஷன்கள் சேர்ந்த கோர்), 1915இல் புதிதாக வந்த கெனரால்ஓபர்ஸ்ட், அதன்பின்தான் ஃபீல்டு மார்ஷல். ஆக, எஃப்.எம்.எல். நம் இந்தியப் படையின் மேஜர் ஜெனரலுக்கு நிகர். இங்கே இன்னொரு பள்ளம்: பெயர் ஒலிக்கிறதே என்று கெனரால்மயோரை மேஜர் ஜெனரல் ஆக்கினால் ஒரு படி தவறிவிடும், அவர் பிரிகேடியருக்குச் சமம்.

'டிவிஷன் தளபதி' என்றே எழுதிவிடலாமே? அதுவும் எப்போதும் பொருந்தாது. தரம் வேறு, பொறுப்பு வேறு. ஆஸ்திரிய-ஹங்கேரியத் தளபதி ஸ்வெட்டோசார் பொரோயேவிச் 1908இல் எஃப்.எம்.எல். ஆனார், 1912இல் அதே தரத்தில் இருந்துகொண்டே 6ஆம் கோருக்குத் தலைமையேற்றார். காலாட்படை ஜெனரல் பட்டம் 1913இல்தான் வந்தது. 1916இல் கெனரால்ஓபர்ஸ்ட், இசோன்சோ ஆற்றங்கரையில் இத்தாலியரை ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்திய பின், 1918 பிப்ரவரியில் ஃபீல்டு மார்ஷல். அவருக்கு இது பத்தாண்டு ஏற்றம். முந்தைய நூற்றாண்டின் ஆஸ்திரியத் தளபதி ராடெட்ஸ்கியோ 1809இல் எஃப்.எம்.எல்.; அடுத்த படிக்கு 1829 வரை காத்திருந்தார்.

'பதில் மார்ஷல்' என்பாரும் உண்டு. இலங்கைத் தமிழில் 'பதில்' என்றால் தற்காலிகப் பொறுப்பு, அது இன்னும் மோசம். முதல்முறை மூலச்சொல்லை ஒலிபெயர்த்து 'இரு நட்சத்திரத் தளபதி' என்று விளக்கிவிட்டு, பிறகு 'தளபதி' என்று எழுதுவதே சரி.