சிக்னல்: கைகாட்டி முதல் டவர் வரை

போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே சிக்னல் நம் ஊருக்கு வந்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. தண்டவாளம் போன இடமெல்லாம் அதன் ஓரத்தில் கம்பமும், கம்பத்தின் தலையில் ஏறி இறங்கும் ஒரு பலகைக் கையும் பின்னாலேயே போயின. அதிகாரிகளுக்கு அது சிக்னல். ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தவுடனே வைத்த பெயர் கைகாட்டி. ‘கைகாட்டி இறங்கிருச்சு’ என்றால் வண்டி வரப்போகிறது என்று பொருள். பிறகு சாலை பிரியும் இடங்களில் ஊர்ப் பெயரெழுதி நட்ட பலகைக்கும் அதே பெயர் போனது. அரியலூர் மாவட்டத்தில் வி.கைகாட்டி என்று ஒரு ஊரே இருக்கிறது. இவ்வளவு நல்ல சொல்லை வைத்துக்கொண்டு, சாலை முனையில் சிவப்பு பச்சை விளக்கு வந்தபோது மட்டும் ஏனோ சிக்னல் என்றே சொல்லத் தொடங்கிவிட்டோம். ‘சிக்னல்ல இறக்கி விடுங்க’ என்று ஆட்டோவில் சொல்லும்போது அது விளக்கின் பெயராகக்கூட இல்லாமல் இடத்தின் பெயராகவே ஆகிவிட்டது.

சொல்லின் வேர் லத்தீன். ‘சிக்னும்’ என்றால் அடையாளம். அதிலிருந்து பிறந்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கையெழுத்தைச் சொல்லும் சிக்னேச்சர், வடிவமைப்பைச் சொல்லும் டிசைன் எல்லாம் அதே குடும்பம்தான். தமிழில் இந்தக் குடும்பத்துக்கு நேர்நிற்கும் வேர் ‘குறி’. குறிப்பு, குறியீடு, குறிக்கோள், குறி சொல்லுதல் என்று அதற்கும் பெரிய வம்சம் உண்டு. பொறியியல் தமிழில் சிக்னலுக்கு வழங்கும் ‘குறிகை’ இந்த வேரிலிருந்து எடுத்ததே. வருகை, செய்கை போலக் குறி என்பதோடு கை விகுதி சேர்ந்து நிற்கிறது. செய்தியைச் சுமந்து செல்லும் எந்த மாற்றமும் குறிகைதான்: கம்பியில் ஓடும் மின்னழுத்தமாக இருக்கலாம், காற்றில் போகும் வானொலி அலையாக இருக்கலாம்.

இன்னொரு சொல் சமிக்ஞை. இது சமஸ்கிருத ‘ஸம்ஜ்ஞா’ தமிழில் கொண்ட வடிவம். இலங்கைத் தமிழில் இது இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே சாலை விளக்கு ‘சமிக்ஞை விளக்கு’. தமிழ்நாட்டில் பெரும்பாலும் செய்தித்தாளிலும் துப்பறியும் கதையிலும்தான் பார்க்கலாம். கண்ணால் காட்டும் ஜாடைக்கு அது பொருந்தும். போனில் வரும் அலைக்கு அதைப் போட்டால், யாரோ மறைந்து நின்று கையசைப்பது போன்ற ஒரு நாடகத்தன்மை வந்துவிடுகிறது.

இப்போது போனுக்கு வருவோம். பேச்சுத் தமிழில் நாம் அதிகம் சொல்வது சிக்னல்கூட இல்லை, டவர். ‘இங்க டவர் இல்ல’, ‘டவர் ஒரு பாயிண்ட்தான் காட்டுது’, ‘மாடிக்குப் போனா டவர் கிடைக்கும்’. கோபுரம் எங்கேயும் போகவில்லை, அது நட்ட இடத்தில்தான் நிற்கிறது. வராதது அதன் அலை. பள்ளிக்கூட இலக்கணத்தில் ‘வானொலி கேட்டு மகிழ்ந்தேன்’ என்பதைக் கருவியாகுபெயர் என்று படித்தோமே, அதே விதிதான் இதிலும். கருவியின் பெயர் அந்தக் கருவியிலிருந்து வருவதற்கு ஆகிவருகிறது. ஆகவே ‘டவர் இல்லை’ என்பவரைத் திருத்தப் போக வேண்டாம், அவர் இலக்கணப்படிதான் பேசுகிறார்.

எழுத்தில்தான் குழப்பம் அதிகம். செய்திகளில் போன் சிக்னலை ‘அலைவரிசை’ என்று எழுதுவதைப் பார்க்கலாம். அலைவரிசை என்றால் வானொலியோ தொலைக்காட்சியோ ஒலிபரப்பாகும் தடம். சிலர் ‘அலைக்கற்றை’ என்கிறார்கள். அது ஸ்பெக்ட்ரத்துக்கு, அதாவது அலைகள் ஓடும் அதிர்வெண் பரப்புக்கு உரிய சொல், அரசு ஏலம் விடும் சரக்கு. 2ஜி வழக்கு நடந்த ஆண்டுகளில் அந்தச் சொல் டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தபோது அலைக்கற்றை என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வழக்கு ஒரு கலைச்சொல்லை இவ்வளவு வேகமாக ஊரறியச் செய்தது வேறெப்போதாவது நடந்திருக்கிறதா என்று தெரியவில்லை. அப்புறம் ‘தொடர்பு எல்லை’. கவரேஜ் என்பதற்கு யாரோ கண்டுபிடித்த இந்தத் தமிழ், ‘தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்’ என்று பதிவுக் குரலிலேயே கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடம். மூன்றும் நல்ல சொற்கள். ஆனால் மூன்றும் மூன்று வேறு பொருள்கள், சிக்னலுக்கு மாற்றாக எதையும் எடுத்துப் போட முடியாது.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போன் வைத்திருப்பவர்கள் போடும் சண்டை பாதி தெளிந்துவிடும். ‘என் போன்ல சிக்னல் சரியில்ல’ என்று ஒருவர் சொன்னால் அதில் நாலு சங்கதி ஒளிந்திருக்கலாம். அந்த இடம் தொடர்பு எல்லைக்குள் இல்லாமல் இருக்கலாம். அலை வந்தும் வலுவில்லாமல் இருக்கலாம். வலுவாக வந்தும் இரைச்சல் கலந்திருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் கோபுரத்தில் ஆள் நெரிசலாக இருக்கலாம். திரையின் மூலையில் இருக்கும் கோடுகள் சொல்வது, சொல்ல முயல்வது, பெரும்பாலும் இரண்டாவதை மட்டும்தான்.

அந்தக் கோடுகளுக்கும் எல்லாப் போனுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. எத்தனை வலிமைக்கு எத்தனை கோடு என்பதைத் தயாரிப்பாளரும் சேவை நிறுவனமும் தீர்மானிக்கிறார்கள். உண்மையான அளவு டிபிஎம் என்ற அலகில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் சிம் நிலை என்ற பகுதியைத் திறந்தால் அந்த எண் தெரியும், எப்போதும் கழித்தல் குறியோடு. பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். ஒவ்வொரு 10 குறையும்போதும் வலிமை பத்தில் ஒன்றாகிறது. -80 என்றால் நிம்மதி. -110ஐத் தாண்டினால் பேச்சு அறுபடத் தொடங்கலாம். -100 என்பது ஒரு மில்லிவாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதையும் பிடித்துப் பேச்சாக்கித் தருகிறது கையிலிருக்கும் அந்தச் சாதனம். ஒரு எச்சரிக்கை: 2ஜி எண்ணையும் 4ஜி எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. 2ஜியில் அளப்பது ஒரு முழுத் தடத்தின் வலிமையை. 4ஜியில் பெரும்பாலும் காட்டுவது தடத்துக்குள் இருக்கும் ஒரு மெல்லிய துணை அலையின் சராசரியை, ஆகவே எண் தானாகவே இறங்கித் தெரியும். ‘பழைய போனில் -75 இருந்தது, புதியதில் -95 காட்டுகிறது, ஏமாத்திட்டான்’ என்ற புகாரில் சில இப்படிப் பிறந்தவை.

கோடுகள் பொய் சொன்ன கதைக்குப் புகழ்பெற்ற சாட்சி ஐபோன் 4. 2010 ஜூன் 24 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. போனைச் சுற்றியிருந்த எஃகுப் பட்டையே ஆன்டெனா. பார்க்க அழகு, பிடிக்க உறுதி. ஆனால் கீழே இடது பக்கத்தில் இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே இருந்த மெல்லிய இடைவெளியின் மேல் உள்ளங்கை பட்டால் கோடுகள் மடமடவென்று இறங்கின. வேறு மாதிரி பிடியுங்கள் என்பதே ஸ்டீவ் ஜாப்ஸ் முதலில் மின்னஞ்சலில் சொன்ன யோசனை. ஜூலை 2 அன்று ஆப்பிள் ஒரு கடிதம் வெளியிட்டது: கோடுகளைக் கணக்கிடும் எங்கள் சூத்திரமே முற்றிலும் தவறு, பல நேரங்களில் காட்ட வேண்டியதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவிட்டது என்று. ஜூலை 12 அன்று அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இந்தப் போனைப் பரிந்துரைக்க முடியாது என்றது. நான்கு நாள் கழித்து ஜாப்ஸ் செய்தியாளர்களைக் கூட்டி, பிளாக்பெர்ரி, ஹெச்டிசி, சாம்சங் போன்களையும் இறுக்கிப் பிடித்தால் கோடு குறைவதைக் காட்டிவிட்டு, எல்லோருக்கும் இலவச உறை தருவதாக அறிவித்தார். இதற்காக வாங்கியவர்கள் தொடுத்த வழக்கு 2012இல் சமரசமானது, விரும்பியவர்களுக்கு 15 டாலர். அந்தச் செய்தியாளர் கூட்டத்தில் ஜாப்ஸ் சொன்னதில் ஒரு பாதி நியாயமானதுதான்: கை பட்டால் எந்தப் போனிலும் அலை குறையும், நம் உடம்பு பெரும்பகுதி தண்ணீர். மற்றப் பாதியை, அதாவது வெளியே தெரியும் உலோகத்தை விரல் நேரடியாகத் தொடும்படி வடிவமைத்ததை, சாமர்த்தியமாகக் கடந்து போய்விட்டார்.

இங்கேதான் சிக்னலும் கெட்டித்தனமும் முட்டிக்கொள்கின்றன. விமர்சனம் எழுதுபவர்கள் ‘கட்டுமானத் தரம்’ என்று எழுதும்போது எனக்குச் செங்கல் சிமெண்டுதான் ஞாபகம் வருகிறது. ‘போன் கெட்டியா இருக்கு’ என்று ஊரில் சொல்வதே போதும். கெட்டி என்றால் நம் மனதில் உலோகம். ஆனால் உலோகம் வானொலி அலைக்குச் சுவர். அதனால்தான் ஒரு காலத்து உலோக முதுகுப் போன்களில், 2014இன் ஐபோன் 6இலும்கூட, மேலும் கீழும் பிளாஸ்டிக் கோடு ஓடியது. அலங்காரம் இல்லை, அலை போகும் வாசல். பின்னால் கண்ணாடி முதுகு வந்ததற்கும் அழகைத் தவிர இதுவும், கம்பியில்லா சார்ஜும் காரணம். வெறும் பிளாஸ்டிக் என்று மூக்கைச் சுளிக்கிறோமே, அலையைப் பொறுத்தவரை அதுதான் உத்தமம். நோக்கியா 1100ஐக் கிணற்றுக்குள் இறக்கினாலும் லைன் கிடைக்கும் என்று சொல்லும் அண்ணன்மார் முழுக்கப் பொய் சொல்லவில்லை. பிளாஸ்டிக் உடம்பு, சுவரை ஓரளவு துளைத்துப் போகும் 900 மெகாஹெர்ட்ஸ் அலை, பேச்சு மட்டும் போனால் போதும் என்ற 2ஜி. மூன்றும் சேர்ந்த பெருமை அது. இதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு: ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்படும் வரை கோடிக்கணக்கில் போன் செய்து அனுப்பியது.

எந்தக் கம்பெனி போன் நல்லது என்ற வாதத்துக்கு நான் பெரிய மதிப்பு கொடுப்பதில்லை, சிக்னல் விஷயத்தில் மட்டுமாவது. பெட்டியின் மேல் இருக்கும் பெயரைவிட உள்ளே இருக்கும் மோடம், அதாவது கோபுரத்தோடு பேசும் சில்லு, யாருடையது என்பது முக்கியம். ஐபோன் 7இல் ஒரே மாடலுக்குள் சிலவற்றில் குவால்காம் மோடமும் சிலவற்றில் இன்டெல் மோடமும் இருந்தன. சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசையிலும் பல ஆண்டுகள் ஒரு நாட்டில் எக்ஸினோஸ் சில்லு, இன்னொரு நாட்டில் ஸ்னாப்டிராகன் சில்லு. ஆகவே சித்தப்பா துபாயில் வாங்கிய போனும் மச்சான் சென்னையில் வாங்கிய அதே பெயர்ப் போனும் உள்ளே ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வெளிநாட்டு மாடலில் இங்கே ஓடும் ஒரு பேண்ட், அதாவது ஓர் அதிர்வெண் தொகுதி, இல்லாமலும் போகலாம். ஜியோ 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. போனில் சுவரை ஓரளவு துளைக்கும் 850 இல்லையென்றால் வெளியே பிரமாதமாகவும் வீட்டுக்குள் மோசமாகவும் இருக்கும். பேண்டுக்கு ‘அலைப்பட்டை’ என்ற தமிழ் சரியாகப் பொருந்துகிறது. மோடத்துக்கு மட்டும் மோடம் என்றே எழுதிவிட்டுப் போகலாம் என்பது என் கட்சி.

நெரிசலுக்கு ஒரு பழைய சொல் காத்திருக்கிறது. தீபத்தன்று திருவண்ணாமலையில் நின்று போனைப் பார்த்தால் கோடுகள் நிறைந்திருக்கும், அழைப்பு போகாது. அலை வலுவாக வருகிறது, ஆனால் அத்தனை லட்சம் பேருக்கும் இடம் கொடுக்கக் கோபுரத்தால் முடியவில்லை. இருப்பது போலக் காட்டி இல்லாமல் போகும் இந்தக் குறிக்குச் சங்கத் தமிழில் பெயர் இருக்கிறது: அல்லகுறி. களவுக் காதலில் தலைவன் இரவில் வந்து ஓர் ஒலியெழுப்பிக் குறி செய்வான். சில இரவுகளில் காற்றில் காய் நீரில் விழும் சத்தமோ, பறவை தானாகக் கலையும் ஓசையோ அந்தக் குறி போலக் கேட்கும். தலைவி வெளியே வந்து பார்த்து ஏமாந்து திரும்புவாள். தொல்காப்பியம் களவியல் இதை ‘அல்லகுறிப் படுதல்’ என்கிறது. நிறைந்த கோடும் போகாத அழைப்புமாக நிற்பவர் அல்லகுறிப் பட்டவர்தான். கலைச்சொல் தொகுப்பவர்கள் இதை எடுத்துக்கொண்டால் நான் சந்தோஷப்படுவேன், ஆனால் எடுக்க மாட்டார்கள்.

கடைசியாக, ரிசெப்ஷன். ஏற்புத்திறன், வாங்குதிறன் என்று சிலர் முயன்றிருக்கிறார்கள். பேச்சில் இதற்குப் பெயர்ச்சொல்லே தேவைப்படவில்லை, ஒரு வினையிலேயே காரியம் முடிகிறது: ‘இந்தப் போன் டவர் நல்லா எடுக்கும்.’ டிவியில் சேனல் எடுப்பதும் வண்டி பிக்கப் எடுப்பதும் இதே எடுத்தல்தான். எழுத்தில் பெயர்ச்சொல் வேண்டியே ஆக வேண்டுமென்றால் ‘அலை எடுக்கும் திறன்’ என்று எழுதலாம். குறிகை வலிமை என்பதைக் கோடுகளுக்கும் டிபிஎம்முக்கும் வைத்துக்கொள்ளலாம், தொடர்பு எல்லையைக் கோபுரம் சென்றடையும் இடத்துக்கு விட்டுவிடலாம். பேசும்போது டவர் என்றே சொல்லுங்கள், எல்லோருக்கும் புரியும்.