தாளாளர்: கரஸ்பாண்டன்ட் என்பதற்கு நம் சொல்

மதுரையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் விழா அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். ஆயர் அல்லது சபைத் தலைவர் பெயர் இருக்கும்; செயலர் அல்லது தாளாளர் பெயர் இருக்கும்; அப்புறம் முதல்வர், துறைத் தலைவர்கள். முதல்வர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். தாளாளர் யார், அவருக்கு என்ன வேலை என்று கேட்டால் பலரும் "அவர்தான் மேனேஜ்மென்ட்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சொல்லுக்கும் பதவிக்கும் அதைவிட நீளமான கதை இருக்கிறது.

தாளாளர் என்பது கரஸ்பாண்டன்ட் என்ற ஆங்கிலப் பதவிப் பெயருக்கு நாம் புழங்கும் தமிழ். ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் 'பதில் சொல்லுதல்' என்ற வினை. ஒருவருக்கொருவர் எழுதிப் பதில் பெறுவது, அதாவது கடிதப் போக்குவரத்து. அதைச் செய்கிறவர் கரஸ்பாண்டன்ட். பத்திரிகைக்கு வெளியூர்ச் செய்தியைக் கடிதமாக எழுதி அனுப்பியவருக்கும் இதே பெயர்தான். தமிழில் அவர் நிருபர் ஆனார். நிருபம் என்றால் கடிதம். 'ரோமருக்கு எழுதின நிருபம்' என்று கோயிலில் பைபிள் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

சரி, பள்ளிக்கும் கல்லூரிக்கும் கடிதம் எழுத ஓர் ஆள் எதற்கு? ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியக் கல்வி பற்றி 1854-ல் வந்த உட் அறிக்கை, தனியார் கல்வி நிலையங்களுக்கு அரசு மானியம் கொடுக்க வழி திறந்தது. மானியம் வேண்டுமானால் கணக்குக் காட்ட வேண்டும், ஆய்வாளர் கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும். ஆனால் பள்ளியை நடத்துவதோ ஒரு மிஷன், ஒரு துறவற சபை, ஒரு சங்கம். அத்தனை பேரும் சேர்ந்து கல்வித் துறைக்குக் கடிதம் எழுத முடியாது. ஆகவே அவர்கள் சார்பில் எழுதவும் கையெழுத்திடவும் ஒருவரை நியமித்தார்கள். அவர் கையெழுத்து இருந்தால்தான் துறை அதை நிர்வாகத்தின் சொல்லாக எடுத்துக்கொள்ளும். இன்றும் பங்கு ஆலயத்தை ஒட்டிய கத்தோலிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் பங்குத்தந்தையே தாளாளர். அவர் வேறு பங்குக்கு மாற்றலாகிப் போனால், வருகிறவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்திடுவார். பள்ளி ஒருபோதும் அவருடைய சொத்தாக இருந்ததில்லை.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். தாள் என்றால் பாதம், நெல்லின் தண்டு, கதவின் தாழ், எழுதும் காகிதம். இந்தக் கடைசிப் பொருளை வைத்து, காகிதங்களைக் கையாள்பவர் என்பதால் தாளாளர் என்று பலரும் நினைக்கிறார்கள். கடிதம் எழுதும் பதவி என்பதால் அது பொருந்துவதுபோலவே தோன்றும். ஆனால் தாளுக்கு முயற்சி என்று இன்னொரு பொருள் உண்டு, அது மிகப் பழையது. 'தாளாற்றித் தந்த பொருளெல்லாம்' என்று குறள் தொடங்குவது அந்தத் தாளை வைத்துத்தான்: பாடுபட்டுச் சேர்த்த பொருள். ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இன்னும் தெளிவாக வருகிறது:

தாளாண்மை என்னும் தகைமைக்கண் தங்கிற்றே
வேளாண்மை என்னும் செருக்கு.

இங்கே வேளாண்மை என்பது பிறருக்கு உதவுவது. பிறருக்கு உதவுகிறோம் என்ற பெருமிதம், முயற்சி என்ற உயர்ந்த குணம் உள்ளவரிடம்தான் தங்கும் என்கிறார் வள்ளுவர். நாலடியாரில் தாளாண்மை என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆகவே தாளாளர் என்றால் முயற்சியை உடையவர். பிறர் பிள்ளைகள் படிக்க ஒரு நிறுவனத்தைக் கட்டிக் காப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? ஆங்கிலச் சொல் அவரைக் கடிதம் எழுதுபவராகப் பார்க்கிறது. தமிழ்ச் சொல் அவரிடம் உழைப்பைக் கேட்கிறது. கரஸ்பாண்டன்ட் என்ற மூலத்தைவிடத் தமிழே உயர்ந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

பள்ளிகளில் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கலைக் கல்லூரிகளில் அதே வேலையைப் பெரும்பாலும் செயலர் என்ற பெயரில் செய்கிறார்கள். பசுமலையில் 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியிலும், 1948-ல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய லேடி டோக் கல்லூரியிலும் முதல்வரே செயலரும்கூட. கடிதத் தலைப்பில் 'முதல்வர் மற்றும் செயலர்' என்றே இருக்கும். லயன்ஸ் புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1953-ல் தொடங்கிய பாத்திமா கல்லூரியில் செயலர் வேறு, முதல்வர் வேறு. உசிலம்பட்டிப் பாதையில் கருமாத்தூரில் 1970-ல் இயேசு சபையார் தொடங்கிய அருள் ஆனந்தர் கல்லூரியில் இவர்களுக்கு மேல் ரெக்டர் என்று ஒருவர் உண்டு. ரெக்டர் என்றால் வழிநடத்துபவர். தமிழில் அதிபர் என்கிறார்கள். (இலங்கைத் தமிழர் பள்ளித் தலைமையாசிரியரைத்தான் அதிபர் என்பார்கள், குழம்பிவிட வேண்டாம்.) துறவிகள் நடத்தும் கல்லூரி என்றால் கிறிஸ்தவக் கல்லூரி மட்டும்தான் என்றும் இல்லை. சோழவந்தான் பக்கம் திருவேடகத்தில் சுவாமி சித்பவானந்தர் 1971-ல் தொடங்கிய விவேகானந்த கல்லூரியும் துறவிகளின் பொறுப்பில் நடப்பதே.

தாளாளருக்கும் முதல்வருக்கும் வேலை எங்கே பிரிகிறது என்று பார்க்க, கல்லூரி அலுவலக மேசையில் கிடக்கும் இரண்டு காகிதங்கள் போதும். ஓர் உதவிப் பேராசிரியரின் நியமன ஆணையில் கீழே செயலரின் அல்லது தாளாளரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். ஒரு மாணவியின் மாற்றுச் சான்றிதழில் முதல்வரின் கையெழுத்து இருக்கும். ஆளை எடுப்பது, சொத்து, கட்டடம், நீதிமன்றம், கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தோடு எழுத்துப் போக்குவரத்து எல்லாம் நிர்வாகத்தின் பக்கம். வகுப்பு, தேர்வு, ஒழுங்கு, பாடம் எல்லாம் முதல்வர் பக்கம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்விக்குழுவுக்குத் தலைவர் முதல்வர்தான். பாடத்திட்டக் குழுக்கள் தீர்மானித்தவை அங்கே வந்துதான் ஒப்புதல் பெறும். அதற்கும் மேலே ஆட்சிக்குழு.

சட்டத்தின் பார்வையில் கல்லூரியை நடத்துவது கல்வி முகமை, அதாவது மறைமாவட்டமோ சபையோ அறக்கட்டளையோ. தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1976-ல் வந்தது. சிறுபான்மைக் கல்லூரி அல்லாத ஒவ்வொரு தனியார் கல்லூரிக்கும் ஒரு கல்லூரிக் குழு இருக்க வேண்டும், அதில் முதல்வரும் இருக்க வேண்டும் என்கிறது அது. சிறுபான்மையினருக்கு அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு கல்வி நிலையங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. 'நிர்வகிக்கவும்' என்ற அந்தச் சொல்லின் நடைமுறை வடிவம்தான் தாளாளர் நாற்காலி. அதனால்தான் அங்கே யார் உட்காருகிறார் என்பதில் சபைகள் இவ்வளவு கவனமாக இருக்கின்றன. அந்த உரிமையை மதிக்கிறேன். கூடவே, வகுப்பறைக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை முதல்வரிடமும் ஆசிரியர்களிடமும் விட்டுவைக்கும் தாளாளர்தான் நல்ல தாளாளர் என்றும் நம்புகிறேன்.

பக்கத்தில் இருக்கும் இன்னொரு சொல் பர்சார். சில கல்லூரிகளில் பணக்கணக்குக்குப் பொறுப்பானவர். லத்தீனில் பணப்பை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. பொருளாளர் என்றாலே போதும், புதிதாக எதுவும் தேட வேண்டாம்.

எழுதும்போது சில விஷயங்கள். அழைப்பிதழ்களில் 'தாளாலர்' என்றும் 'தாழாளர்' என்றும் அச்சாகிறது. இரண்டு இடத்திலும் ளகரம்தான் வர வேண்டும். இருபாலுக்கும் ஒரே சொல், 'பெண் தாளாளர்' என்று எழுதத் தேவையில்லை. அருட்சகோதரியானாலும் அருட்தந்தையானாலும் தாளாளர்தான். வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் 'உயர்திரு கரஸ்பாண்டன்ட் அவர்கள்' என்று எழுதுவதை விட்டு, 'தாளாளர் அவர்கள்' என்றே தொடங்கலாம். பாதர், மதர் என்று கூப்பிடுவது நேரில் பேசும்போது இருக்கட்டும்.