ஒரு போன், மூன்று நேரலை: மதகை எங்கே வைப்பது?

பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் வள்ளி கும்மி அரங்கேற்றம். ஒரே நிறச் சேலையில் இருநூறு பெண்கள் வட்டம் கட்டி நிற்கிறார்கள். யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் நேரலை வர வேண்டும் என்று சொல்லி, கையில் ஒரே ஒரு போனோடு என்னை மைதானத்து ஓரம் நிறுத்திவிட்டார்கள். மதியம் மூன்று மணிக்கே போய் அப்லோடு வேகத்தைச் சோதித்தேன். நொடிக்கு 14 மெகாபிட். ஒரு நேரலைக்கு 4 என்றால் மூன்றுக்கும் 12. கணக்கு சரியாக இருந்தது.

இரவு எட்டுக்குக் கும்மி தொடங்கியது. ஐந்தாவது நிமிடம் திருப்பூரில் இருந்து மாமா போன் செய்தார். "ஏனுங் மாப்ளே, அங்க வட்டம் சுத்துதா, இல்ல என்ற போன்தான் சுத்துதாங்க?" மூன்று நேரலையும் ஒன்றாகப் படுத்திருந்தன.

எங்கே தவறினோம் என்று பார்ப்பதற்கு முன், போன் செய்யும் வேலையைக் கொஞ்சம் பார்க்கலாம். 1080பி படத்தில் ஒரு சட்டகத்துக்கு (ஃப்ரேம்) குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். மொத்தம் சுமார் 20.7 லட்சம். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 30 சட்டகம். பெருக்கிப் பாருங்கள், நொடிக்குக் கிட்டத்தட்ட 1,500 மெகாபிட் வரும். நான் அனுப்புவது வெறும் 4. அதாவது முந்நூற்றெழுபதில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் எங்கே போகிறது?

போன் சிப்புக்குள் படத்தைச் சுருக்குவதற்கென்றே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. 2003-இல் வந்த எச்.264 என்ற முறைதான் இன்றும் நேரலைகளில் அதிகம் ஓடுகிறது. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பார்க்கும். நிற வித்தியாசத்தில் கொஞ்சம் மந்தம். அதனால் நிறத் தகவலை நான்கு புள்ளிக்கு ஒன்று என்று குறைத்துவிடுவார்கள். பெரிய மிச்சம் அடுத்ததில்தான். படத்தை 16-க்கு 16 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்து, இந்தக் கட்டம் போன சட்டகத்திலும் இருந்ததா, இருந்தால் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தேடும். நகரவே இல்லையா, "அப்படியே வைத்துக்கொள்" என்று சொன்னால் போதும். முழுப் படம் இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் போகும். நடுவில் போவதெல்லாம் மாற்றங்கள் மட்டும்.

இதில்தான் வள்ளி கும்மி நம்மைக் கவிழ்க்கிறது. இருநூறு பேர் ஒரே சமயத்தில் குனிந்து, நிமிர்ந்து, திரும்பி, கைதட்டி அடியெடுத்து வைக்கும்போது நகராத கட்டம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. பின்னால் தொங்கும் சீரியல் பல்பும் சேர்ந்து மின்னுகிறது. ஆனால் நேரலையில் நொடிக்கு இவ்வளவு பிட்தான் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருக்கிறோம். அந்த அளவுக்குள் அடக்க வேண்டும் என்பதால் சிப் நுணுக்கங்களைத் தூக்கிப் போடும். சேலைக் கரை கலங்கிப் போய், முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தும்போது மட்டும் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அதில்தான் யாரும் அசைவதில்லையே.

சரி, கட்டம் கட்டமாக வந்தாலும் வந்திருக்க வேண்டுமே, ஏன் நின்றே போனது? கோளாறு போனுக்கும் டவருக்கும் நடுவில். டவர் பத்துக் கணக்கான வாட் சக்தியில் பேசும். போன் அதிகபட்சம் 0.2 வாட் அளவில்தான் திருப்பிப் பேச முடியும். போதாததற்கு, இங்கே புழங்கும் 2300 மெகாஹெர்ட்ஸ் 4ஜி, 3300-ஐ ஒட்டிய 5ஜி அலைவரிசைகளில் போவதும் வருவதும் ஒரே பாதையில் முறைவைத்து நடக்கிறது. அந்த முறையில் பெரும்பங்கு டவரில் இருந்து நமக்கு வருவதற்குத்தான். நாம் அனுப்பக் கிடைப்பது மிச்ச நேரம். பெரும்பாலோர் படம் பார்க்கிறவர்கள், அனுப்புகிறவர்கள் இல்லை என்ற கணக்கில் போட்ட ஏற்பாடு அது. சாதாரண நாளில் நியாயமான கணக்குதான். அரங்கேற்றத்தன்று ஆடுகிறவர்களின் சொந்தபந்தம் அத்தனை பேரும் ஒரே டவரின் அந்த மிச்ச நேரத்தில் ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். மதியம் மூன்று மணிக்கு மைதானத்தில் இருந்தது நானும் பந்தல்காரரும்தான். அந்த 14 மெகாபிட்டை நம்பியது என் தப்பு. கூட்டத்துக்கு நடுவே நின்றதும் தப்பு. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சும். ஸ்டாண்டைத் தலை உயரத்துக்கு மேல் தூக்கினாலே வித்தியாசம் தெரியும்.

இந்த ஒல்லியான பாதையில் நான் மூன்று நேரலையைத் தனித்தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். மூன்றும் அச்சுப் பிசகாமல் ஒரே படம்தான். போனில் சுருக்கும் வேலையும் ஒரே தடவைதான் நடக்கிறது. அனுப்புவதுதான் மூன்று தடவை. படம் சின்னச் சின்னத் தரவுப் பொட்டலங்களாகத்தான் போகும். வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் அதைத் திரும்ப அனுப்பும் வரை பின்னால் வருவது வரிசையில் நிற்கும். வரிசை நீண்டால் செயலி சட்டகங்களைக் கீழே போட ஆரம்பிக்கும். ஒன்று தடுமாறினால் மற்ற இரண்டும் நிமிரும் என்று நினைக்காதீர்கள். மூன்றும் ஒரே இடுக்கில் முட்டிக்கொண்டு சேர்ந்தே விழும்.

கீழ்பவானி வாய்க்காலைப் பார்த்தவர்களுக்கு இதற்கு வழி சொல்ல வேண்டியதில்லை. பவானிசாகரில் இருந்து ஒரே வாய்க்காலாக 200 கிலோமீட்டர் வருகிறது. தேவைப்படும் இடத்தில் மதகு வைத்துக் கிளை பிரிக்கிறார்கள். ஊருக்கு ஒரு வாய்க்கால் என்று அணையில் இருந்தே யாரும் வெட்டவில்லை. நேரலையிலும் அதுதான். போனில் இருந்து ஒரே ஒரு ஓட்டம் மட்டும் மேகக்கணினிக்கு, அதாவது இணையத்தில் இருக்கும் ஒரு சர்வருக்குப் போக வேண்டும். மூன்றாகப் பிரிவது அங்கே. ரீஸ்ட்ரீம், ஸ்ட்ரீம்யார்டு போன்ற சேவைகள் செய்வது இதைத்தான். கொஞ்சம் கணினி தெரிந்தவர்கள் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, என்ஜின்எக்ஸ் மென்பொருளில் நேரலையை அனுப்பும் வழியான ஆர்டிஎம்பிக்குரிய இணைப்பைச் சேர்த்து, போக வேண்டிய இடங்களை எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்த சர்வர் படத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காது. வந்த பொட்டலத்தை அப்படியே நகலெடுத்து மூன்று பக்கமும் தள்ளிவிடும். தரவு மையத்தில் அகலத்துக்குப் பஞ்சமில்லை.

வாய்க்காலோடு ஒரே வித்தியாசம், தண்ணீரைப் பிரித்தால் குறையும், படத்தைப் பிரித்தால் குறையாது. அப்படி ஒரு மதகு மட்டும் நம் பக்கம் கிடைத்தால் கடைமடைக்காரர்களின் வயிற்றெரிச்சல் தீர்ந்துவிடும்.

டேட்டா கணக்கும் மாறுகிறது. 4 மெகாபிட் ஓட்டம் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி. மூன்றாக அனுப்பினால் 5.4. தினம் 2 ஜிபி ரீசார்ஜ் வைத்திருப்பவருக்கு மூன்று ஓட்டமும் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கும்மியோ மூன்று மணி நேரத்துக்குக் குறைவதில்லை.

போனில் இருந்து அந்தச் சர்வருக்குப் போகும் வழிதான் அந்த ஆர்டிஎம்பி. ஃபிளாஷ் பிளேயருக்காக மேக்ரோமீடியா நிறுவனம் உருவாக்கியது. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துபோனது. மாட்டை விற்ற பிறகும் கட்டுத்தறியில் கயிறு கிடப்பது போல அந்த வழி மட்டும் இன்றும் புழங்குகிறது. ஒவ்வொரு தளமும் இதற்காக ஒரு முகவரியும், நீளமான ஒரு ரகசியக் குறியீடும் தரும். ஸ்ட்ரீம் கீ என்பார்கள். அது யார் கையில் இருக்கிறதோ அவர் உங்கள் சேனலில் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆகவே விழாக் குழு வாட்ஸாப்பில் அதைப் படம் பிடித்துப் போடாதீர்கள். இன்னொன்று, யூடியூப்பில் முதன்முதலாக நேரலை வசதியைக் கேட்டால் திறப்பதற்கு 24 மணி நேரம் வரை ஆகலாம். விழா அன்று காலையில் இதைக் கண்டுபிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

இன்ஸ்டாகிராம் நிமிர்ந்த படம் கேட்கும். மற்ற இரண்டுக்கும் படுத்த படம்தான் அழகு. கும்மி வட்டத்தை நிமிர்ந்த சட்டத்துக்குள் அடக்கினால் இரண்டு பக்கமும் ஆட்களை வெட்ட வேண்டியிருக்கும். இதற்கு நல்ல தீர்வு எதுவும் என்னிடம் இல்லை. அப்புறம், இடைவேளையில் ரேடியோ செட்காரர் சினிமாப் பாட்டு போட்டால் தளங்களின் தானியங்கிக் காப்புரிமைச் சோதனை அதைப் பிடித்துவிடும். முன்பே சொல்லிவையுங்கள். சூடும் ஒரு தொல்லை. படம் பிடித்து, சுருக்கி, முழுச் சக்தியில் டவரோடு பேசி, பவர் பேங்கில் சார்ஜும் ஏறினால் போன் கொதிக்கும். கொதித்தால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கவரைக் கழற்றி, பந்தல் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவைத்தேன்.

அடுத்த அரங்கேற்றத்துக்கு ஒரே ஓட்டமாக, 3 மெகாபிட்டில் அனுப்பினேன். நிற்கவில்லை. ஆனால் மாமா போனில் வேறு பிரச்சினை சொன்னார். குலவைச் சத்தம் என் போன் வழியாக அவர் காதுக்கு உடனே போகிறது. யூடியூப்பில் பெண்கள் வாய் திறக்கவே இல்லை. இது கோளாறு இல்லை. நாம் அனுப்பிய படத்தைத் தளம் வாங்கி, மட்டமான நெட் உள்ளவருக்கும் ஓடட்டும் என்று 720, 480, 360 எனப் பல அளவில் மறுபடி சுருக்குகிறது. பிறகு சில நொடித் துண்டுகளாக நறுக்குகிறது. பார்ப்பவரின் போன், நடுவில் நெட் திக்கினாலும் படம் நிற்கக்கூடாது என்று சில துண்டுகளைக் கையிருப்பாகச் சேர்த்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். எல்லாம் சேர்ந்து பத்து, இருபது நொடி ஓடிவிடும். இதை ஒவ்வொரு தளமும் தன் போக்கில் செய்வதால், ஒரே வீட்டில் ஃபேஸ்புக்கில் பார்ப்பவரும் யூடியூப்பில் பார்ப்பவரும் வெவ்வேறு அடியில் இருப்பார்கள். வாட்ஸாப் வீடியோ கால் ஆயிரம் பேருக்குப் போக வேண்டியதில்லை. கையிருப்பும் பெரிதாக வைக்காது, தொலைந்தது தொலைந்தது என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் உடனே பேச முடிகிறது.

பதினோரு மணிக்கு மங்களம் பாடி முடித்ததும் நேரலையை அணைத்துவிட்டு போனைக் கழற்றினேன். உடனே மாமா கூப்பிட்டார். "இப்பத்தானுங் மாப்ளே நல்லா ஆடறாங்க, நிறுத்தீராதீங்க."