வாரிசானுக்குத் தமிழில் என்ன?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன விழா. மலாய்க்காரர், சீனர், நம்மவர், மலைப்பக்கத்துத் தெமியார் பழங்குடியினர் என்று எல்லாரும் அவரவர் பழைய சாமான்களையும் பாட்டையும் பலகாரத்தையும் ஒரு நாள் மண்டபத்தில் வைப்பதாக ஏற்பாடு. பதாகையில் மலாயில் ‘வாரிசான்’, அதாவது ஆங்கிலத்தில் ‘ஹெரிடேஜ்’, என்று பெரிதாக ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். அதன் கீழே தமிழ் வரி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது, முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டி ஒருவர் அந்த எழுத்தைக் கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டார்: “வாரிசா? யாரு தம்பி செத்துட்டாங்க?”

சிரித்துவிட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போய் அகராதியைப் பிரித்தால், பாட்டி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். அரபியில் ‘வாரிஸ்’ என்றால் இறந்தவரின் சொத்தைப் பெறுகிறவர். அந்தச் சொல் மலாய்க்கு வந்து ‘வாரிஸ்’ ஆனது. ‘ஆன்’ என்ற ஒட்டு சேர்ந்து, அப்படிப் பெற்ற பொருள் ‘வாரிசான்’. அதே அரபுச் சொல் இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்குள் வந்து ‘வாரிசு’ என்று உட்கார்ந்துகொண்டது. தமிழ்நாட்டுத் தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்பவரும், இங்கே ‘வாரிசான்’ பலகைக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்பவரும் ஒரே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கில ‘ஹெரிடேஜ்’ சொல்லுக்கும் வேர் லத்தீனில் வாரிசைக் குறிக்கும் சொல்தான். ஆக, எந்தப் பக்கம் போனாலும் நடுவீட்டில் ஒரு சாவு இருக்கிறது.

ஒரு வேடிக்கை. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு தேசிய வாரிசான் சட்டம், உயிரோடு இருக்கும் ஒருவரையே தேசிய வாரிசானாக அறிவிக்க இடம் கொடுக்கிறது. பாட்டியின் கேள்விக்குச் சட்டம் சொல்லும் பதில் “யாரும் சாகவில்லை” என்பது.

சரி, தமிழில் என்ன எழுதுவது? நம் பத்திரிகைகள் கை நீட்டி முதலில் எடுப்பது ‘பாரம்பரியம்’. இது வடமொழி. ‘பரம்பரா’ என்றால் ஒன்றன்பின் ஒன்றாக வருவது; அதிலிருந்து பரம்பரை, பாரம்பரியம். தப்பான சொல் இல்லை. ஆனால் அதைத் தேய்த்துவிட்டோம். பாரம்பரிய முறுக்கு, பாரம்பரிய எண்ணெய், பாரம்பரியப் பட்டு. கடைக்காரர் எடுத்த சொல்லைப் பதாகையில் போட்டால் விழாவும் கடை மாதிரியே தெரியும். இது என் சொந்தக் குறை, அகராதியின் தீர்ப்பு அல்ல.

அடுத்தது ‘மரபு’. எனக்குப் பிடித்த சொல். தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கே மரபியல் என்று பெயர். திறந்தவுடன் அங்கே அரசனும் இல்லை, கோட்டையும் இல்லை. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று என்று எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் என்ற பட்டியல். எந்தப் பொருளை எந்தச் சொல்லால் பெரியவர்கள் சொன்னார்களோ அப்படியே சொல்வது மரபு என்கிறது நன்னூல். அதாவது மரபு என்பது கையில் வாங்கிக்கொள்ளும் சாமான் அல்ல, பழகிப்பழகி நிலைத்த வழக்கம். தீமிதிக்குக் காப்புக் கட்டுவது மரபு. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வாசலில் ஒரே குழாயடியில் நின்று பேசிய தமிழும், அதில் ரப்பருக்குக் ‘கித்தா’ என்று மலாய்ச் சொல் கலந்ததும் மரபுதான்.

ஆனால் ‘மரபு’ என்று மட்டும் எழுதினால் கட்டடமும் பாத்திரமும் நழுவிவிடுகின்றன. அதனால்தான் ஒவ்வொரு நாட்டுத் தமிழரும் அதற்கு ஒரு வால் ஒட்டியிருக்கிறார்கள். இலங்கையில் ‘மரபுரிமை’. சிங்கப்பூரில் ‘மரபுடைமை’: தேசிய மரபுடைமைக் கழகம், 2015இல் லிட்டில் இந்தியாவில் திறந்த இந்திய மரபுடைமை நிலையம். தமிழ்நாட்டில் பழைய இடங்களைப் பார்க்க, வால் இல்லாமலே ‘மரபு நடை’ போகிறார்கள். நாம் மட்டும் இன்னும் பாரம்பரியத்தில் நிற்கிறோம்.

உரிமையா, உடைமையா? நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். உரிமை என்றால் கேட்டு வாங்கலாம், மறுத்தால் வழக்குப் போடலாம். உடைமை என்றதும் பெட்டி, நகை, நிலம்தான் நினைவுக்கு வரும். ஆனால் திருக்குறளைப் புரட்டுங்கள். அன்புடைமை, அடக்கமுடைமை, அறிவுடைமை, பண்புடைமை என்று பத்து அதிகாரங்கள். அந்த உடைமையைப் பூட்டி வைக்க முடியாது, விற்கவும் முடியாது. ஒருவரிடம் இருப்பது, அவர் நடப்பில் தெரிவது. அந்தக் காதோடு கேட்டால் ‘மரபுடைமை’ அழகான சொல்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது, முதுசொம். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில், முன்னோர் வழி வந்த சொத்துக்கு அதுதான் பெயர். சீதனம் வேறு, தேடிய தேட்டம் வேறு. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீஸில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த யாழ்ப்பாணத்தாருக்கு அது வீட்டுச் சொல். லயத்தில் இருந்தவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை. விட்டுப் போக என்ன இருந்தது? வீடு தோட்டத்துக்கு, மரம் துரைக்கு. ஆங்கிலச் சட்டத்தில் ‘எஸ்டேட்’ என்றால் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து என்றும் ஒரு பொருள் உண்டு. மூன்று தலைமுறை எஸ்டேட்டில் இருந்தும் எஸ்டேட் எதுவும் இல்லாதவர்கள் நாம். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, இதே ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கவைத்ததன் பின்னால் இருந்த வலி இதுதான்.

பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது. நாட்டிலேயே பழையது என்று அதற்கு வேலியும் பலகையும் உண்டு. அதன் வழிவந்த மரங்களில் பால் வெட்டியவர்கள் குடியிருந்த லயங்களோ, செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் வழிவிட்டு ஒவ்வொன்றாக இடிந்துபோயின. லயத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு இலங்கையின் ‘மரபுரிமை’தான் வாயில் வருகிறது, சண்டை போடுவதற்கு அதில் இடம் இருப்பதால்.

விழாவுக்கு உதவ வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள் ‘ஹியூமனிட்டீஸ்’ என்ற சொல்லுக்கும் தமிழ் கேட்டார்கள். மானுடவியல் என்று எழுதாதீர்கள், அது மனித இனங்களை ஆராயும் தனித்துறை. ‘மானுடப் புலங்கள்’ என்றால் மொழி, வரலாறு, மெய்யியல், கலை எல்லாம் அடங்கிவிடும். மலாயில் இலக்கியத்துக்கு ‘சாஸ்தெரா’ என்று பெயர். நம் சாத்திரம்தான் அது. இங்கே அந்தப் பெயரில் கதை படிக்கிறார்கள், நம் வீட்டில் கைரேகை பார்க்கிறார்கள்.

கடைசியில் பதாகையில் ‘மரபுடைமை விழா’ என்று எழுதினேன். பாட்டி தன் பழைய பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தையும் மரம் சீவும் உளியையும் மேசையில் கொண்டுவந்து வைத்தார். நான் அட்டையில் பெயர் எழுதி ஒட்டினேன். சாயங்காலம் பார்த்தால் உளி இருக்கிறது, அட்டை இருக்கிறது, மங்குக் கிண்ணத்தைக் காணோம். பதறிப்போய்த் தேடினால் பாட்டி அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

“நாளைக்குக் கொண்டாறேன் தம்பி. கோழிக்குத் தண்ணி வைக்க வேற இல்ல.”