உரிமக்குறி

எங்கள் ஊர்ப்பக்கம் பாத்திரக்கடையில் சருவச்சட்டி வாங்கினால், பில் போடும்போதே “பேர் வெட்டணுமா?” என்று கேட்பார்கள். நெல்லை டவுன் ரத வீதியில் சின்ன மெஷினை வைத்து இரண்டே நிமிடத்தில் வெட்டித் தந்துவிடுவார்கள். எங்கள் அம்மா மூடியிலும் தனியாக வெட்டச் சொல்வாள். விசேஷ வீட்டுக்கு இரவல் போன சட்டி ஒரு வீட்டிலும் மூடி வேறொரு வீட்டிலும் கிடந்ததைப் பார்த்தவள் அவள்.

திறமூல மென்பொருளில் (நிரலை யாரும் பார்க்கவும் எடுத்தாளவும் திறந்து வைத்திருப்பது) ஒரு கோப்பு எந்த உரிமத்தின் கீழ் வருகிறது என்று காட்டும் ‘லைசென்ஸ் ஐடென்டிஃபையர்’ என்பது கிட்டத்தட்ட இந்த மூடிக்கதைதான். திட்டத்தின் வாசலில் ‘லைசென்ஸ்’ என்று ஒரே ஒரு கோப்பை வைத்தால் போதாதா? போதாது. நிரலை எடுப்பவர் வீட்டையே தூக்கிப் போவதில்லை. தனக்கு வேண்டிய ஒரு கோப்பை மட்டும் எடுத்துப்போகிறார். அதனால் ஒவ்வொரு கோப்பின் தலையிலும், குறிப்புரையாக (நிரல் ஓடும்போது கணினி கண்டுகொள்ளாத வரி அது) ஒரு வரி: ‘எஸ்பிடிஎக்ஸ்-லைசென்ஸ்-ஐடென்டிஃபையர்: எம்ஐடி’. எஸ்பிடிஎக்ஸ் என்பது இப்படி எழுதும் முறையின் பெயர், எம்ஐடி ஓர் உரிமத்தின் பெயர். அவ்வளவுதான். மனிதரும் படிக்கலாம், கருவியும் படிக்கும்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? சொல்லுக்கு வருவோம். லத்தீனில் ‘லிக்கேரே’ என்றால் அனுமதிக்கப்பட்டிருத்தல். அதிலிருந்து ‘லிக்கென்ஷியா’, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு லைசென்ஸ். தமிழில் உரிமம், ‘உரி’ என்ற அடியில் பிறந்த புதுச்சொல். உரிமை, உரியவர் எல்லாம் அதன் உடன்பிறப்புகள். (அரை நாழி அளவுக்கும் ‘உரி’ என்றுதான் பெயர், அது வேறு.)

உரிமையும் உரிமமும் ஒன்றல்ல. நம் பக்கம் மாமன் மகனை ‘உரிமைக்காரன்’ என்பார்கள். அவனுக்கு யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, பிறப்பிலேயே வந்தது. நிரலை எழுதியவருக்கு இருப்பதும் அப்படித்தான்: எழுதியவுடனே பதிப்புரிமை அவருடையது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற கணக்கில்தான் வருகிறது, கவிஞர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உரிமமோ அவர் மற்றவருக்கு நிபந்தனை சொல்லிக் கொடுப்பது. ‘சட்டியை எடுத்துக்கோ, புளி போட்டு விளக்கித் திருப்பிக் கொடு’ என்பது உரிமம். சட்டியில் வெட்டிய பேர் உரிமை. பத்திரிகைகள் பதிப்புரிமை, பேட்டன்ட் இரண்டையும் ‘காப்புரிமை’ என்றே எழுதிக் குழப்புகின்றன. முன்னதற்குப் பதிப்புரிமை என்பதே தெளிவு.

அடுத்து ஐடென்டிஃபையர். ‘அடையாளங்காட்டி’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது திசைகாட்டி, வழிகாட்டி மாதிரி ஒரு கருவியாகக் கேட்கிறது. சலவைக்குப் போகும் துணியில் மையால் இடுவதைக் ‘குறி’ என்றுதானே சொல்கிறோம்? வேலையும் அதேதான், கலந்துபோனாலும் பிரித்தெடுக்க. ஆகவே உரிமக்குறி.

எஸ்பிடிஎக்ஸ் என்பது உரிம விவரங்களை ஒரே மாதிரி எழுத லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வளர்ந்த தரம்; 2021-ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலில் 2017-ல் ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு இந்தக் குறியை ஒரேயடியாக இட்டார்கள். அதுவரை பல கோப்புகளில் உரிமம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வேறு பலவற்றில் ஒரே விஷயம் பத்துவிதமாக எழுதியிருந்தது.

நானும் பட்டிருக்கிறேன். தமிழ்ச் சொற்களைப் பிரிக்கும் ஒரு கோப்பை எங்கிருந்தோ எடுத்து என் நிரலில் போட்டேன். இரண்டு வருடம் கழித்து வெளியிடலாம் என்று பார்த்தால், யாருடையது, என்ன நிபந்தனை, ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று ராத்திரி உட்கார்ந்து நானே எழுதினேன்.

குறி இடும்போது ‘லைசென்ஸ்’ என்பதன் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். பள்ளியில் நாம் படித்த பிரிட்டன் முறையில் கடைசி எழுத்துக்கு முன் ‘சி’ வரும். இங்கே அமெரிக்க முறைப்படி ‘எஸ்’. மாற்றிப் போட்டால் கருவிக்குத் தெரியாது. பதிப்பு எண்ணையும் பாருங்கள்: ஜிபிஎல் என்ற உரிமம் என்றால் ‘2.0 மட்டும்’ என்பதற்கு ஒரு குறி, ‘2.0 அல்லது அதற்குப் பிந்தையது’ என்பதற்கு வேறு குறி.

படத்துக்குள் குறிப்புரை எழுத வழியில்லையே என்றால், ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ‘ரீயூஸ்’ விதிகளில் அதற்கும் இடம் உண்டு: படக்கோப்பின் அதே பெயரோடு ‘.லைசென்ஸ்’ என்ற வாலைச் சேர்த்துப் பக்கத்திலேயே ஒரு கோப்பு. மண்பானையில் பேர் வெட்ட முடியாது, கழுத்தில் சீட்டுக் கட்டித்தான் அனுப்ப வேண்டும்.