தஞ்சாவூர்ப் படத்தில் ஈரத்துணி படக்கூடாது, ஏன்?

ஆயுத பூஜை முடிந்த வாரம் ஓர் அம்மா பழைய போர்வையில் சுற்றி ஒரு படத்தைக் கொண்டுவந்தார். மாமியார் காலத்து வெண்ணெய்க் கிருஷ்ணன். வீடு துடைத்த கையோடு கண்ணாடியைக் கழற்றி, ஈரத்துணியால் படத்தையும் துடைத்திருக்கிறார். கண்ணனின் தோள்வளை சொதசொதவென்று குழைந்து, கெம்புக்கற்கள் மூன்று துணியோடு வந்துவிட்டன. அவற்றைக் குங்குமச் சிமிழில் பத்திரப்படுத்தியிருந்தார். "அழுக்குதானே போகும்னு நினைச்சேன் தம்பி" என்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பழைய தஞ்சாவூர்ப் படங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. படத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் வீட்டில் சொல்லித்தருவதில்லை.

அடியில் மரம். அந்தக் காலத்தில் பலாப்பலகை. 'பலகைப் படம்' என்ற பெயர் வந்ததே அதனால்தான். இன்று பெரும்பாலும் பிளைவுட். அதன்மேல் காடாத்துணி, பழைய படங்களில் அதை ஒட்டியது புளியங்கொட்டைப் பசை. துணிமேல் சுண்ணப்பொடியும் பிசினும் கலந்த பூச்சு. அது உலர்ந்ததும் வழவழவென்று தேய்த்து, உருவத்தை வரைந்து, கற்களைப் பதிப்பார்கள். நகையும் தூணும் திரைச்சீலையும் புடைத்து நிற்பது மக்கு வேலையால். மக்கு என்பதும் பொடியும் பிசினும்தான். அதன்மேல் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தாளை, ஒட்டிவிட்டு, வண்ணம் தீட்டுவது கடைசியில்.

பிசின் தண்ணீரில் கரையும். ஈரத்துணி பட்டால் மேலே ரேக்கு மின்னிக்கொண்டே இருக்கும், அடியில் மக்கு இளகிவிடும்.

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798–1832) செழித்த கலை இது. மங்கலான பூஜையறையில், ஒற்றை விளக்கொளியில் பார்த்தால்தான் இதன் அழகு தெரியும். சுடர் அசையும்போது புடைத்த ரேக்கு ஒவ்வொரு பக்கமாக ஒளிரும், குழந்தைக் கண்ணன் மூச்சுவிடுவதுபோல் இருக்கும். அதனால் விளக்கை விலக்கிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நான்கடி தள்ளி வையுங்கள். கற்பூர ஆரத்தியை மட்டும் படத்தருகே கொண்டுபோகாதீர்கள். அந்தக் கரி வண்ணத்தில் இறங்கினால் எடுப்பது பெரும்பாடு.

மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் மாட்டவேண்டாம். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சின்ன மரக்கட்டை வைத்தால் காற்றோட்டம் கிடைக்கும். கண்ணாடி கற்களைத் தொடக்கூடாது. படத்தின் கீழே மாவுபோல் பொடி உதிர்ந்தால் பூச்சி புகுந்திருக்கிறது; மருந்தடிக்காமல், விவரம் தெரிந்தவரிடம் உடனே காட்டுங்கள். ரேக்கு உரிந்த இடத்தில் கோல்டு பெயின்ட் தடவாதீர்கள். அதைச் சுரண்டி எடுக்கும்போது பழைய தங்கமும் சேர்ந்து வந்துவிடும்.

புதிதாக வாங்குகிறவர்கள் ரேக்கு அசல் தங்கமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். தஞ்சாவூர்ப் படத்துக்குப் புவிசார் குறியீடு (இந்த வட்டாரப் பொருள் என்ற சட்ட அங்கீகாரம்) இருக்கிறது என்பதால் மட்டும் உங்கள் கையிலுள்ள படத்தின் ரேக்கு தங்கமாகிவிடாது. தங்கம் கறுக்காது. செம்பு கலந்த மலிவு ரேக்கு சில வருடங்களிலேயே கறுத்துப் பச்சை பூக்கும்.

அந்தக் கிருஷ்ணனுக்குத் தோள்வளையை மறுபடி எழுப்பினேன். மூன்றில் இரண்டு கற்கள் பழைய இடத்திலேயே உட்கார்ந்தன. ஒன்று விரிசல் விட்டிருந்ததால் மாற்றவேண்டியதாயிற்று. வாங்கிப்போக வந்த அம்மா மறுபடி அதே போர்வையை விரித்தார். நான் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிக்கொடுத்து, ஆட்டோவில் மடியில் படுக்கைவாக்கில், முகம் மேலே பார்க்க வைத்துக்கொண்டு போகச் சொன்னேன்.